பாடத்திட்டம் மாறும்போது என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பள்ளிப் பாடத்திட்டத்தைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, எட்டுக்கு மட்டும் இங்கே பதில் தந்திருக்கிறோம். மணிக்கணக்கும் விதிகளும் தென்னாப்பிரிக்க அரசுப் பள்ளிகளுக்கு உரியவை.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பாட்டி: என் மூத்த மகன் படித்தபோது 'ஓபிஇ' என்றார்கள். இளையவள் படித்தபோது அதற்கு வேறு பெயர். இப்போது பேத்தி 'கேப்ஸ்' படிக்கிறாள். ஏன் இப்படி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? முதலில் வந்ததில் என்னதான் குறை?

அம்மா, ஒவ்வொரு பாடத்திட்டமும் முந்தையதன் குறையைத் தீர்க்கத்தான் வந்தது. தீர்க்கிற வேகத்தில் எதிர்ப்பக்கக் குறை ஒன்றை உண்டாக்கிவிட்டது.

முதலில் வந்தது 'கரிக்குலம் 2005'. நீங்கள் சொல்லும் 'ஓபிஇ', அதாவது விளைவு சார்ந்த கல்வி, இதுதான். 1997ல் அறிவித்தார்கள், 1998ல் கிரேடு 1ல் நுழைந்தது. இனத்துக்கு ஒரு கல்வித் துறை, இனத்துக்கு ஒரு தரம் என்றிருந்த ஏற்பாட்டை ஒழித்து, பிள்ளை எதை மனப்பாடம் செய்தது என்பதை விட்டு, என்ன செய்யத் தெரிந்துகொண்டது என்று பார்க்க வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் 8 கற்றல் துறைகள், அவற்றுக்கு 66 குறிப்பிட்ட விளைவுகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பீட்டு அளவுகோல், எல்லைக் குறிப்பு, செயல்திறன் சுட்டி என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். ஒரு வாரப் பாடத்தைத் திட்டமிட ஆசிரியர் இத்தனையையும் பொருத்த வேண்டும். அவ்வளவு பொருத்திய பிறகும் எந்த வகுப்பில் எதை, எந்த வரிசையில் கற்பிப்பது என்பது மட்டும் தெளிவாக இருக்காது. நூலகமும் நகல் இயந்திரமும் உள்ள பள்ளிகள் தாங்களே பாடப்பொருள் தயாரித்துச் சமாளித்தன. இல்லாத பள்ளிகளில் பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து பேசினார்கள். வாசிப்பும் கணக்கும் பின்தங்கின.

2000ல் கல்வி அமைச்சர் காதர் அஸ்மல், கல்வி ஆய்வாளர் லிண்டா சிஷோம் தலைமையில் மறுஆய்வுக் குழு அமைத்தார். அந்தக் குழு சொன்ன குறைகள் இன்றைக்கும் எந்தப் பாடத்திட்டத்துக்கும் பொருந்தும்: அமைப்பும் சொற்களும் சிக்கல், ஆசிரியர் பயிற்சி போதவில்லை, புத்தகம் போதவில்லை, கால அவகாசம் போதவில்லை, வகுப்புக்கு வகுப்பு பாடம் எப்படி வளர்கிறது என்பது தெரியவில்லை. அதன் விளைவாக 2002ல் திருத்திய பாடத்திட்டம் வந்தது. உங்கள் இளைய மகள் படித்தது அதுவாக இருக்கலாம். அதிலும் ஆசிரியர்கள் கோப்பு எழுதியே ஓய்ந்துபோனார்கள் என்று 2009ல் இன்னொரு குழு ஆராய்ந்து, ஒரு பாடத்துக்கு ஒரே ஆவணம் போதும் என்றது. அதுதான் கேப்ஸ், அதாவது பாடத்திட்ட, மதிப்பீட்டுக் கொள்கை அறிக்கை. 2012ல் கிரேடு 3 வரையிலும் கிரேடு 10லும், 2013ல் கிரேடு 4 முதல் 6 வரையிலும் 11லும், 2014ல் கிரேடு 7 முதல் 9 வரையிலும் 12லும் நடைமுறைக்கு வந்தது.

முதல் திட்டம் எதைக் கற்பிப்பது என்று சொல்லாமல் விட்டது. கேப்ஸ் எந்த வாரம் எதைக் கற்பிப்பது என்றுகூடச் சொல்கிறது. பயிற்சி குறைந்த ஆசிரியருக்கு இது பெரிய துணை. ஆனால் பிள்ளைக்குப் புரியாவிட்டாலும் அடுத்த வாரப் பாடத்துக்குப் போயாக வேண்டும் என்ற நெருக்கடி இதில்தான் வந்தது. அடுத்த திருத்தம் தொட வேண்டிய இடம் இதுதான் என்பது எங்கள் கருத்து.

டோங்காட், தொடக்கப்பள்ளி ஆசிரியை: திருத்த வரைவு வெளியானால் கருத்துக் கேட்பார்கள். பாடச்சுமை அதிகம் என்று நாங்கள் எழுதினால் யார் கவனிக்கப் போகிறார்கள்? எப்படி எழுதினால் பயன்படும்?

'பாடச்சுமை அதிகம்' என்று எழுதினால் பயன்படாது. வருகிற கடிதங்களில் பாதி அப்படித்தான் இருக்கும், அதை வைத்து யாரும் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. எந்தப் பக்கம், எந்தத் தலைப்பு, எத்தனை மணி என்று எழுதினால் வரைவுக் குழு அந்த வரியை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் நேரக் கணக்கு. கிரேடு 4 முதல் 6 வரை வாரம் 27.5 மணி. வீட்டு மொழி 6, முதல் கூடுதல் மொழி 5, கணிதம் 6, இயற்கை அறிவியலும் தொழில்நுட்பமும் 3.5, சமூக அறிவியல் 3, வாழ்க்கைத் திறன் 4. கணிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பருவத்துக்கு 10 வாரம், நான்கு பருவம், ஆக 240 மணி என்று ஆவணம் கணக்கிடுகிறது. இப்போது உங்கள் பள்ளி நாட்குறிப்பைப் பக்கத்தில் வையுங்கள். நாட்டில் 12 பொது விடுமுறைகள். ஈஸ்டரை ஒட்டிய வெள்ளியும் திங்களும், ஏப்ரல் 27, மே 1 எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். விளையாட்டு விழா, தண்ணீரோ மின்சாரமோ இல்லாமல் பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பிய நாட்கள் என எல்லாவற்றையும் கழியுங்கள். நான்காம் பருவத்தில் தேர்வுக்கும் ரிப்போர்ட் வேலைக்கும் 3 வாரம் போனால் மிஞ்சுவது 7 வாரம், அதாவது 42 மணி. 60ல் 18 மணி அங்கேயே காணோம். எந்தப் பாடம் கடைசியில் இருக்கிறதோ அது ஆண்டுதோறும் அடிபடும். நிகழ்தகவு நான்காம் பருவத்தில் இருப்பதால் பல வகுப்புகள் அதைத் தொடுவதே இல்லை.

அடுத்தது பதிவேடு. ஒரு சாதாரண நோட்டில் நான்கு பத்தி போதும்: தலைப்பு, திட்டத்தில் உள்ள மணி, உண்மையில் ஆன மணி, முடித்தபின் கொடுத்த ஐந்து வினாச் சோதனையில் குறைந்தது நான்கைச் சரியாகச் செய்த பிள்ளைகள் எத்தனை பேர். இரண்டு பருவமாவது எழுதுங்கள். பருவம் முடிந்தபின் நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். அப்படி நிரப்பினால் எல்லாத் தலைப்புக்கும் ஒரே மாதிரி எண் வரும், பார்ப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

பிறகு பிழையின் காரணத்தைச் சொல்லுங்கள். பின்னத்தில் 1/4 + 2/4 = 3/8 என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதினால், அவர்கள் மேலெண்ணையும் கீழெண்ணையும் இரண்டு தனித்தனி முழு எண்களாக நினைக்கிறார்கள் என்று பொருள். காகிதப் பட்டையை மடித்துப் பார்ப்பதற்கும் எண்கோட்டில் 1/4, 2/4, 3/4 என்று குறிப்பதற்கும் நேரம் கிடைக்காமல் நேரே கூட்டலுக்குப் போனதால் வருகிற பிழை இது. இதைச் சொன்னால், 'நேரம் போதவில்லை' என்பது புலம்பலாக இல்லாமல் காரணமாக நிற்கும்.

கடைசியாக, கூடுதல் நேரம் கேட்டால் அந்த நேரம் எங்கிருந்து வரும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். கடிதம் இப்படி இருக்கலாம்: 'கிரேடு 4 கணிதம், பின்னம், இத்தனையாம் பக்கம். மூன்று பிரிவுகளில் பதிந்த நேரம் திட்டத்தைவிட 4 மணி அதிகம். முதல் சோதனையில் பெரும்பான்மையினர் மேற்கண்ட பிழையைச் செய்தனர். இரண்டாம் பருவத்திலும் மூன்றாம் பருவத்திலும் திரும்ப வருகிற இன்ன தலைப்பை ஒன்றாக்கி அந்த 4 மணியைப் பின்னத்துக்குத் தரக் கோருகிறோம்.' இவ்வளவுதான், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

ஒரே கடிதத்தில் இருபது பேர் கையெழுத்துப் போடுவதைவிட ஐந்து பள்ளிகள் தத்தம் பதிவேட்டோடு தனித்தனியாக அனுப்புவது வலுவானது. அரசிதழ் அறிவிப்பிலேயே கடைசி நாளும் முகவரியும் இருக்கும். கடைசி நாளில் அனுப்பாதீர்கள். அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபீனிக்ஸ், ஒரு தகப்பனார்: இவ்வளவு யோசிப்பானேன்? பாடத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் பிள்ளைகளுக்கு மூச்சு விட நேரம் கிடைக்குமே?

வெட்டலாம், வெட்டத்தான் வேண்டும். எதை வெட்டுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

2020ல் கோவிட் காரணமாகப் பள்ளிகள் மூடியபோது ஆண்டுக் கற்பித்தல் திட்டங்களை அவசரமாகக் குறைத்தார்கள். பிறகு, விட்டதைப் பிடிக்க 2021 முதல் மீட்புத் திட்டங்கள் வந்தன. அந்த அனுபவம் காட்டியது இது: ஒரு வகுப்பில் வெட்டியது அந்த வகுப்போடு நிற்பதில்லை. கிரேடு 4ல் பின்னம் சரியாகப் பதியாவிட்டால் கிரேடு 7, 8ல் விகிதம் ஏறாது. விகிதம் ஏறாதவருக்குக் கிரேடு 10ல் கோட்டின் சாய்வும் முக்கோணவியலும் வெறும் சூத்திரம், ஏனென்றால் சாய்வும் 'டேன்' மதிப்பும் விகிதங்களே. பிள்ளை தடுமாறுகிற இடம் கிரேடு 10, அறுந்த இடம் கிரேடு 4. நடுவில் ஆறு ஆண்டு இருப்பதால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

ஆகவே வெட்டுவதற்கு முன் ஒரு பெரிய தாளில் பாடத்தின் தலைப்புகளை வகுப்புவாரியாக எழுதி, எது எதற்கு முன்தேவையோ அதற்குக் கோடு இழுக்க வேண்டும். ஒரு தலைப்பிலிருந்து மேல்வகுப்புக்கு மூன்று நான்கு கோடுகள் போனால் அதைத் தொடக்கூடாது, இன்னும் நேரம் கொடுக்க வேண்டும். எந்தக் கோடும் போகாத தலைப்பும், மூன்று ஆண்டுகள் ஏறக்குறைய அதே அளவில் திரும்ப வருகிற தலைப்பும் வெட்டத் தகுந்தவை. சுலபமாக வெட்டத் தோன்றுவது ஓவியமும் இசையும் விளையாட்டும்தான். அவற்றுக்கு முன்தேவைக் கோடு இல்லை என்பதால் இந்த முறை அவற்றுக்குப் பொருந்தாது. அங்கே அளவுகோல் வேறு: வாரத்தில் உடம்பும் கையும் இயங்குகிற நேரம் பிள்ளைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

வெருலம்: எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை திருத்துவது சரி?

முழுத் திருத்தம் என்றால் ஒரு பிள்ளை பள்ளியில் இருக்கும் 12 ஆண்டுக்குள் இரண்டாவது முறை வரக்கூடாது என்பது எங்கள் எண்ணம். சிறு திருத்தம் வேறு விஷயம். கேப்ஸில் மதிப்பீட்டுப் பகுதியை மட்டும் சுருக்கி 2019ல் நடைமுறைப்படுத்தினார்கள். பாடப்பொருள் அப்படியே இருக்க, சோதனைகளின் எண்ணிக்கை குறைந்தது. புத்தகம் மாறவில்லை, பயிற்சிக்குப் பெரிய செலவில்லை. இப்படிப்பட்ட பழுதுபார்ப்பை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை செய்யலாம்.

லெனேசியா, உயர்நிலைப்பள்ளி மாணவியின் தாய்: பாடத்திட்டத்தில் 'சிந்தனைத் திறன்' என்று எழுதியிருக்கிறது. வகுப்பிலோ பழைய வினாத்தாளைத்தான் போட்டுப் போட்டுப் பயிற்சி தருகிறார்கள். இது சரியா?

ஆசிரியரைக் குறை சொல்வதற்கு முன் மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கிரேடு 10 முதல் 12 வரை பெரும்பாலான பாடங்களில் பள்ளி மதிப்பீட்டுக்கு 25, ஆண்டிறுதித் தேர்வுக்கு 75. கிரேடு 12 இறுதித் தேர்வான மெட்ரிக்கில் மூன்று மணி நேரத் தாள்தான் பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்றால், அந்தத் தாளைப் பார்த்துத்தான் ஆசிரியர் நடத்துவார். பாடத்திட்டத்தை மாற்றி வினாத்தாளை மாற்றாமல் விட்டால் வகுப்பறை மாறாது.

ஆனால் பழைய வினாத்தாளையே நல்ல கருவியாகப் பயன்படுத்த ஒரு வழி உண்டு. மெட்ரிக் கணிதத் தாள்கள் இரண்டு, தலா 150 மதிப்பெண். நேரடி அறிவு 20, பழகிய வழிமுறை 35, சிக்கலான வழிமுறை 30, புதிய சிக்கலைத் தீர்த்தல் 15 சதவீதம் என்று பங்கிட வேண்டும் என்பது விதி. ஒரு தாளில் முதல் நிலைக்கு 30 மதிப்பெண், கடைசி நிலைக்கு 22 அல்லது 23. உங்கள் பெண் எழுதிய பள்ளித் தேர்வுத் தாளை எடுத்து, ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் நிலையைக் குறித்துக் கூட்டிப் பாருங்கள். குறிக்கும்போது ஒரு எச்சரிக்கை: கடினமான வினா எல்லாம் நான்காம் நிலை ஆகிவிடாது. எண்கள் பெரிதாக, படிகள் நீளமாக இருந்தாலும் வகுப்பில் செய்த மாதிரிக் கணக்கே திரும்ப வந்தால் அது இரண்டாம் நிலைதான். மொழிப் பாடங்களில் கணக்கு வேறு: பத்தியில் நேரே உள்ளதை எடுப்பதற்கு 40, ஊகித்து உணர்வதற்கு 40, மதிப்பிட்டுச் சொல்வதற்கு 20 சதவீதம்.

பள்ளித் தாளில் முதல் இரண்டு நிலையே 80 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், கிரேடு 11 வரை நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை மெட்ரிக்கில் ஏன் சரிகிறது என்பதற்கு விடை அங்கேயே கிடைக்கும். இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு பாடத் துறைத் தலைவரைப் பாருங்கள். கையில் எண்ணோடு போகிற பெற்றோரிடம் பேச்சு நேராக விஷயத்துக்கு வரும்.

டர்பன், ஒரு வாசகர்: மூன்றாம் வகுப்பு வரை நன்றாகப் போகிறது, நான்காம் வகுப்பில் பிள்ளைகள் திணறுகிறார்கள் என்று எல்லா ஆசிரியர்களும் சொல்கிறார்கள். பாடத்திட்டக் குறைதானா?

பெருமளவு ஆமாம். கிரேடு 3 வரை நான்கு பாடங்கள். கிரேடு 4ல் ஆறு. அதோடு, ஸூலு போன்ற ஆப்பிரிக்க மொழிகளில் படித்துவந்த பிள்ளைகளுக்குக் கிரேடு 4ல் பாடமொழி ஆங்கிலமாகிறது. ஒரே ஜனவரியில் பாடமும் கூடுகிறது, மொழியும் மாறுகிறது. கிரேடு 1, 2ல் முதல் கூடுதல் மொழிக்குக் கிடைத்தது வாரம் 2 அல்லது 3 மணிதான். அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு 'ஆவியாதல்', 'வாழிடம்' எல்லாம் ஆங்கிலத்தில் படிக்கச் சொன்னால் எப்படி?

பிர்ல்ஸ் என்ற பன்னாட்டு வாசிப்பாய்வில் 2016ல் நம் நாட்டுக் கிரேடு 4 பிள்ளைகளில் 78 சதவீதம் பேர் பொருள் புரிந்து வாசிக்கும் குறைந்தபட்ச நிலையை எட்டவில்லை. 2021ல் அது 81 சதவீதம். அந்தச் சோதனை பிள்ளைகள் படித்த மொழியிலேயே நடத்தப்பட்டது. ஆகவே ஆங்கிலத்துக்கு மாறுவது ஒன்றே காரணமென்று சொல்ல முடியாது. முதல் மூன்று வகுப்பில் தாய்மொழி வாசிப்பே ஊன்றவில்லை. 2025 முதல் கிரேடு 4ல் கணிதத்தையும் அறிவியலையும் தாய்மொழியும் ஆங்கிலமும் சேர்த்துக் கற்பிக்கும் ஏற்பாடு தொடங்கியிருக்கிறது. திசை சரி. கேட்க வேண்டியது வினாத்தாளும் இரு மொழியில் வருகிறதா, பாடநூலில் இரண்டு மொழியும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கிறதா என்பதை.

நம் வீடுகளில் பெரும்பாலும் ஆங்கிலம்தானே, நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். நம் பிள்ளையின் வகுப்பில் பாதிப் பேர் தடுமாறினால் ஆசிரியரின் நேரம் முழுவதும் அங்கேதான் போகும், போகவும் வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: நம் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த வரலாறு பாடத்தில் போதவே இல்லை. தனி அத்தியாயம் கேட்டு மனு எழுதலாமா?

எழுதுங்கள். ஆனால் தனி அத்தியாயம் கேட்பதைவிட நல்ல கோரிக்கை ஒன்று உண்டு.

இப்போது அந்த வரலாறு கிரேடு 8 முதல் பருவத்தில், தொழிற்புரட்சியும் 1860க்குப் பிந்தைய தென் ஆப்பிரிக்கப் பகுதியும் என்ற தலைப்புக்குள் இருக்கிறது. சமூக அறிவியலுக்கு வாரம் 3 மணி, அதில் பாதி புவியியலுக்கு. வரலாற்றுக்கு 1.5 மணி, பத்து வாரத்துக்கு 15 மணி. அந்த 15 மணிக்குள் பிரிட்டனின் தொழிற்புரட்சியும் அடங்க வேண்டும். தனி அத்தியாயம் சேர்த்தால் அதை யாரும் நடத்தி முடிக்கப் போவதில்லை. புத்தகத்தில் மட்டும் இருக்கும்.

உள்ள நேரத்தையே ஆழமாக்கக் கேளுங்கள். 1860 நவம்பர் 16ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் நடாலுக்கு வந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், மாவட்டம், உடம்பில் உள்ள அடையாளம் என்று கப்பல் பட்டியலில் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு பக்கத்தை நகலெடுத்து வகுப்பில் கொடுத்தால் இரண்டு பாடவேளைக்கு வேலை இருக்கிறது. எந்த வயதினர் அதிகம்? பெண்கள் எத்தனை பேர்? எந்த மாவட்டத்திலிருந்து கூட்டமாக வந்திருக்கிறார்கள்? ஒரு மனிதரை அடையாளம் காணத் தழும்பை ஏன் குறித்துக்கொண்டார்கள்? இந்தப் பட்டியல் சொல்லாமல் விட்டது என்ன? கடைசிக் கேள்விதான் வரலாற்றுப் பாடத்தின் உயிர். ஸூலுப் பிள்ளையும் இதே வகுப்பில் இருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம். அந்த நிலம் யாருடையது, அங்கிருந்தவர்கள் ஏன் அந்தத் தோட்ட வேலைக்குப் போக மறுத்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பாடம் முழுமையாகும்.

ஆகவே மனுவில் 'இந்தத் தலைப்பில் கப்பல் பட்டியலை மூல ஆவணப் பயிற்சியாகச் சேர்க்கவும். மதிப்பீட்டில் ஒரு மூல ஆவண வினா இதிலிருந்து வரவும்' என்று கேளுங்கள். வினாத்தாளில் இடம் பிடித்தது வகுப்பிலும் இடம் பிடிக்கும்.

மேர்பேங்க், பெற்றோர் சிலர் சேர்ந்து எழுதியது: எங்கள் பள்ளியில் தமிழை ஒரு பாடமாக வைக்க விரும்புகிறோம். 'கேப்ஸில் இடமில்லை' என்று நிர்வாகம் சொல்கிறது. உண்மையா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பாதி உண்மை. நாட்டின் அரசமைப்புச் சட்டம் 6வது பிரிவில் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தமிழ், தெலுங்கு, ஹிந்தி, குஜராத்தி, உருது முதலிய மொழிகளை வளர்ப்பதும் மதிக்கச் செய்வதும் அனைத்துத் தென்னாப்பிரிக்க மொழி வாரியத்தின் கடமை. அது பெருமைக்குரியதுதான். ஆனால் அந்த வாசகத்தைக் காட்டி நேரப்பட்டியலில் ஒரு பாடவேளைகூட வாங்க முடியாது.

கேப்ஸின் விதி இது: வாரத்துக்கு ஒதுக்கிய நேரம் கட்டாயப் பாடங்களுக்கு மட்டும். கூடுதல் பாடம் வேண்டுமானால் அதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். ஆக, கிரேடு 4 முதல் 9 வரை தமிழ் அந்த 27.5 மணிக்கு வெளியேதான் நிற்க முடியும். கிரேடு 10 முதல் நிலைமை வேறு. அங்கே மூன்று விருப்பப் பாடங்களுக்கு வாரம் 12 மணி இருக்கிறது. தமிழை இரண்டாம் கூடுதல் மொழியாக 4 மணியில் அவற்றுள் ஒன்றாக எடுத்து மெட்ரிக் எழுதலாம். 'இடமில்லை' என்பது கீழ்வகுப்புக்குப் பொருந்தும், மேல்வகுப்புக்குப் பொருந்தாது.

ஆனால் கிரேடு 10ல் திடீரென்று தொடங்கினால் நடக்காது. அதுவரை எழுத்தே தெரியாத பிள்ளை மூன்று ஆண்டில் கட்டுரை எழுத வேண்டியிருக்கும். பெரும்பாலோர் முதல் பருவத்திலேயே வேறு பாடத்துக்கு மாறிவிடுவார்கள். இன்னொரு தடங்கல், பௌதிக அறிவியலும் தமிழும் நேரப்பட்டியலில் ஒரே கட்டத்தில் விழுவது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் ஒருவர்கூடத் தமிழ்ப் பக்கம் வரமாட்டார்கள். கட்டம் போடுவதற்கு முன்பே நிர்வாகத்திடம் பேச வேண்டும்.

எனவே கிரேடு 4 அல்லது 5ல், பள்ளி முடிந்ததும் வாரம் இரண்டு மணி என்று தொடங்குங்கள். பிள்ளைகளை ஏற்றிப்போகும் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று முதலில் விசாரியுங்கள். நல்ல ஆசிரியர் இருந்தும் வண்டிக்காக முக்கால்வாசிப் பேர் எழுந்து போய்விட்டால் வகுப்பு ஒரு பருவம்கூடத் தாங்காது.

40 வாரத்துக்கு 80 மணி. கழிவு போக 65 முதல் 70 மணி கிடைக்கும். இந்த நேரத்தில் 247 எழுத்தின் அட்டவணையை வரிசையாக ஓதவைத்தால் இரண்டு ஆண்டு முடிந்தும் பிள்ளை ஒரு சொல்லைக்கூட வாசிக்காது. நாங்கள் பரிந்துரைப்பது வடிவத்தில் எளிய எழுத்துகளிலிருந்து சொல்லுக்குப் போகும் வழி. ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தால் 'படம்', 'மடம்', 'பட்டம்' வாசிக்கலாம். ர சேர்ந்தால் 'மரம்', 'ரம்பம்'. கால் சேர்ந்தால் 'மாமா', 'பாப்பா', 'பாரம்'. மேல் விலங்கு (ி) சேர்ந்தால் 'பாட்டி', 'மாமி', 'படி'. நான்கு எழுத்து, ஒரு புள்ளி, இரண்டு குறி. முதல் மாதத்திலேயே பிள்ளை வீட்டுக்குப் போய்த் தன் பாட்டியை எழுத்தில் காட்டும். குறி சேரும் முறை ஒன்று புரிந்துவிட்டால் மற்ற உயிர்மெய்களை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை பெருமளவு போய்விடும்.

பேச்சை எழுத்துக்கு முன்னால் வையுங்கள். முதல் பருவத்தில் 'எனக்குத் தண்ணி வேணும்', 'இது யாரோட பை?' போன்ற வாக்கியங்களைச் சொல்லிப் பழகட்டும். 'தண்ணீர் வேண்டும் என்று சொல்' என்று அப்போதே திருத்தினால் பிள்ளை பேசுவதையே விட்டுவிடும். எழுத்து நடையை வாசிப்பு வரும்போது அறிமுகப்படுத்தினால் போதும். இந்தியாவில் அச்சாகும் பாடநூல், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்காக எழுதியது. படமும் பாட்டும் எடுத்துக்கொள்ளலாம், பாடவரிசையை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

இனி நிர்வாகத்திடம் போகும் வழி. பள்ளியின் எஸ்ஜிபிக்கு, அதாவது பள்ளி ஆட்சிக் குழுவுக்கு, எழுத்தில் விண்ணப்பியுங்கள். விருப்பம் தெரிவிக்கும் பிள்ளைகளின் பட்டியலை வகுப்புவாரியாகப் பெற்றோர் கையெழுத்தோடு இணையுங்கள். ஆசிரியர் யார், அவர் வர முடியாத நாளில் யார், எந்த அறை, எந்த நேரம், 70 மணிக்கான பாடவரிசை ஒரு பக்கத்தில். இரண்டாவது ஆசிரியர் பெயர் இல்லாமல் கொடுக்காதீர்கள். தனி ஒருவரை நம்பித் தொடங்கிய தமிழ் வகுப்புகள் அவர் ஓய்வு பெற்றதும் மூடப்படுகின்றன. அரசு சம்பளம் தராத ஆசிரியரை எஸ்ஜிபி தன் பணத்தில் நியமிக்கப் பள்ளிகள் சட்டம் இடம் தருகிறது. அதற்குச் சம்பளத் தொகை அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் இருக்க வேண்டும். பட்ஜெட்டைப் பெற்றோர் பொதுக்கூட்டத்தில் வைத்துத்தான் நிறைவேற்ற முடியும். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். வந்திருக்கும் பெற்றோரில் வாக்களிப்போரின் பெரும்பான்மைதான் முடிவு. ஆகவே உங்கள் விண்ணப்பம் அந்த அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே, ஆகஸ்ட் மாதத்துக்குள், எஸ்ஜிபி பொருளாளர் கைக்குப் போய்ச் சேரட்டும். கூட்டத்தன்று பட்டியலில் கையெழுத்திட்ட எல்லாரும் நேரில் வந்து உட்காருங்கள்.